புதுப் பொருள் உருவாக்கம்: தனித் துறை வேண்டுமா, தனி ஆள் வேண்டுமா?

#1 நொய்யல்காரன்

வணக்கம். கோவையில் மிக்ஸியும் டேபிள் டாப் கிரைண்டரும் செய்கிற ஒரு நடுத்தர கம்பெனியில் டிசைன் பிரிவைப் பார்க்கிறேன். ஏற்கெனவே ஓடுகிற மாடல்களில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. புது மாடல் என்று வந்தால்தான் எல்லாம் இழுத்துக்கொண்டே போகிறது. தீபாவளி விற்பனைக்கு என்று தொடங்கிய கிரைண்டர், பொங்கலையும் தாண்டி ஆடித் தள்ளுபடி நேரத்தில்தான் டீலர் கைக்குப் போனது.

உட்கார்ந்து விசாரித்தால் எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. டிராயிங்கை எப்போதோ கொடுத்துவிட்டோம் என்கிறோம் நாங்கள். கொடுத்ததை மாற்றிக்கொண்டே இருந்தீர்களே என்கிறது, மோல்டு (பாகங்களை வார்க்கும் அச்சு) செய்கிற டூல் ரூம். மோல்டுக்கான அட்வான்ஸ் கையெழுத்தாகவில்லை என்கிறது பர்ச்சேஸ். இந்த அளவு டிரம்மை யார் கேட்டார்கள் என்று கடைசியில் வந்து கேட்கிறது சேல்ஸ். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பொருள் வரவில்லை.

முதலாளியின் மகன் இப்போது பொறுப்புக்கு வந்திருக்கிறார். "என்.பி.டி. (புதுப் பொருள் உருவாக்கம்) என்று தனியாக ஒரு துறை போட்டுவிடலாம், நீங்களே தலைமை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார், எனக்குத்தான் தயக்கம். தனித் துறை நல்லதா, ஒவ்வொரு துறையிலிருந்தும் ஆள் எடுத்துக் குழு போடுவது நல்லதா? சரியாக வராத பொருளைப் பாதியில் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

#2 டூல்ரூம் மணி

தனித் துறை போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இப்போது டிசைனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அப்புறம் இரண்டு இருக்கும்.

என்.பி.டி. துறை ஒரு மாதிரியைச் செய்து கூட்டத்தில் மேசை மேல் வைத்துக் கைதட்டு வாங்கும். அந்த ஒன்றை அரத்தால் ராவி, பார்த்துப் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். லைனில் தினமும் நூற்றுக்கணக்கில் வரவேண்டும் என்றதும், மோல்டிலிருந்து பாகம் கழலக் கோணம் விடவில்லை, ஓரிடத்தில் பிளாஸ்டிக் தடிமன் அதிகமாகி மேல்பக்கம் குழி விழுகிறது என்று எல்லாம் எங்கள் தலையில் வரும். "மாதிரி பாஸ் ஆகிவிட்டது, இனி புரொடக்‌ஷன் பாடு" என்று அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

நான் வேலை பார்த்த இடங்களில் உருப்படியாக வந்த மாடல்கள் எல்லாவற்றிலும் ஒன்று பொது. டிராயிங் போடும்போதே டூல் ரூம் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துறைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், அந்த நாற்காலியை மறக்காதீர்கள்.

#3 ஓசூர்வாசி

மணி அண்ணன் சொன்ன நாற்காலி வேண்டும். அந்த மேசையில் கடைசிச் சொல் யாருடையது என்பதும் முதல் நாளே முடிவாக வேண்டும்.

நான் வண்டித் தொழிலில் இருப்பவன், அதனால் டொயோட்டாவை எடுத்துக்கொள்கிறேன். 1955-ல் வந்த கிரவுன் காருக்கு கென்யா நகமுரா என்பவரைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அவர்கள் ‘ஷுசா’ என்பார்கள், பின்னாளில் தலைமைப் பொறியாளர் என்று மாறியது. இந்தப் பதவியின் அமைப்பைக் கவனியுங்கள். அவருக்குக் கீழே பெரிய படை கிடையாது. என்ஜின், பாடி, சேசிஸ் பொறியாளர்கள் அவரவர் துறையிலேயே இருப்பார்கள், அவர்களுடைய பதவி உயர்வும் துறைத் தலைவர் கையில்தான். தலைமைப் பொறியாளரோடு ஒரு சிறு குழு மட்டும் இருக்கும். ஆனால் அந்தக் கார் யாருக்காக, என்ன விலை, என்ன எடை, என்றைக்கு வெளிவரும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. விற்ற பிறகு வரும் நல்லது கெட்டதும் அவர் பெயரில்தான் எழுதப்படும்.

கரோலாவைச் செய்தவர் தட்சுவோ ஹசெகாவா. போர்க்காலத்தில் தச்சிக்காவா கம்பெனியில் விமானம் வடிவமைத்தவர். போர் முடிந்ததும் ஜப்பானில் விமானத் தொழிலுக்குத் தடை வந்தது, கார் பக்கம் வந்தார். இவர் முன்னால் செய்த பப்ளிகா கார் மலிவானது, சிக்கனமானது. ஆனால் மொட்டையாக இருக்கிறது என்று மக்கள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. அதை வைத்து கரோலாவுக்கு ஒரு விதி போட்டார்: எந்த அம்சமும் 80 மதிப்பெண்ணுக்குக் கீழே போகக் கூடாது, சிலவற்றில் அதைத் தாண்ட வேண்டும். எதைத் தாண்டுவது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். வேலை நடந்துகொண்டிருந்தபோதே, நிசான் 1,000 சி.சி.யில் சன்னியைக் கொண்டு வருகிறது என்பதால் என்ஜினை 1,100 சி.சி.க்கு உயர்த்த வேண்டும் என்று விற்பனைப் பக்கம் வற்புறுத்தியது. பொறியாளர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! ஆனாலும் மாற்றினார்கள், 1966-ல் கார் வந்தது, போட்டியில் அந்தக் கூடுதல் 100 சி.சி.யையே விளம்பரமாக்கினார்கள். இப்படி ஒரு மாற்றத்தை எந்தத் துறைத் தலைவரும் தன் துறையின் கண்ணால் பார்த்தால் மறுத்திருப்பார். முழுப் பொருளையும் பார்க்க ஒருவர் இருந்ததால்தான் முடிந்தது.

பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டாவின் ஹைப்ரிட் கார் பிரியஸ் கதையும் இதே வகைதான். தகேஷி உச்சியமதா அதற்கு முன் எந்தக் காருக்கும் தலைமைப் பொறியாளராக இருந்ததில்லை. எல்லாத் துறை ஆட்களையும் ஒரே பெரிய அறைக்கு வரவழைத்து, வரைபடங்களையும் தேதிகளையும் சுவரில் ஒட்டி, அங்கேயே முடிவெடுத்தார். ‘ஓபெயா’ என்று இன்று எல்லோரும் சொல்லும் அறை அதுதான். 1995 கடைசியில் முதல் மாதிரி வண்டி ஏழு வாரம் நகரவே இல்லை. 1997 டிசம்பரில் கார் விற்பனைக்கு வந்தது. இப்போது பல கம்பெனிகளில் அறை இருக்கிறது, சுவரில் தாள்களும் இருக்கின்றன. உச்சியமதாவின் இடத்தில் ஆள் இல்லை. நொய்யல்காரன் சார், நீங்கள் உங்கள் முதலாளியிடம் கேட்க வேண்டியது அந்த இடத்தை.

#4 விசாலம்

நான் காஸ்டிங், அதாவது செலவுக் கணக்குப் போடும் பக்கம். புதுப் பொருள் பற்றிய பேச்சில் எங்களை எப்போதும் கடைசியில்தான் கூப்பிடுவார்கள், டிராயிங் முடிந்து, மோல்டு வெட்டி, "இது என்ன விலைக்கு வரும்?" என்று கேட்க. அந்த நேரத்தில் நான் சொல்லும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பாகத்தின் செலவில் பெரும்பகுதி டிராயிங்கிலேயே முடிவாகிவிடுகிறது.

கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். கடையில் என்ன விலைக்கு விற்கும் என்பதில் தொடங்குங்கள். அதில் வரி, டீலர் கமிஷன், வாரண்டிச் செலவு, நம் லாபம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் நாம் செலவழிக்கலாம் என்கிற தொகை. அதை மோட்டாருக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு, டிரம்முக்கு இவ்வளவு, பாடிக்கு இவ்வளவு என்று பிரித்துக் குழுவிடம் கொடுங்கள். ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறைக்க வேண்டும். குழுவுக்குள்ளே அந்தப் பேரம் நடக்கட்டும்.

டாடாவின் நானோ காரை இந்த முறையின் உச்சம் என்று சொல்லலாம். ஒரு லட்சம் ரூபாய் என்ற விலையை முதலில் வைத்துவிட்டு, அதற்குள் காரை அடக்கினார்கள். கிரிஷ் வாக் தலைமையில் ஓர் அணி. பின்பக்கம் 624 சி.சி. என்ஜின், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்று நட், பின்பக்க டிக்கிக் கதவு திறக்காது. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ இராப்பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். 2008 ஜனவரி 10 அன்று டெல்லியில் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பொறியியலாக அது பெரிய சாதனை, அதை யாராவது கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் விற்கவில்லை. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்குத் தொழிற்சாலை மாறியதில் தாமதம் ஆனது உண்மை. அதைவிட, ‘மிக மலிவான கார்’ என்ற பெயர் வாங்குகிறவர் மனதுக்கு ஒட்டவில்லை. அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். 2018-ல் தயாரிப்பு நின்றது. ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகும் குடும்பத்துக்காக நினைத்த கார் அது. அந்தக் குடும்பம் காரை வாங்குவதே ஒரு படி ஏறியதை ஊருக்குக் காட்டத்தான். அதனால் செலவு இலக்கோடு சேர்த்து, வாங்குகிறவர் பக்கத்து வீட்டில் இதைப் பற்றி என்ன சொல்வார் என்று யோசிக்கும் ஆளும் குழுவில் வேண்டும். சேல்ஸிலிருந்து ஒருவரை முதல் வாரமே கொண்டு வாருங்கள். கடைசியில் வந்து "இந்த டிரம்மை யார் கேட்டது" என்று கேட்க விடாதீர்கள்.

#5 நொய்யல்காரன்

மூவருக்கும் நன்றி. விசாலம் மேடம் சொன்ன மாதிரி விலையிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கிரைண்டரில் கல்லுக்கும் மோட்டாருக்குமே பாதிக்கு மேல் போய்விடுகிறது, பாடிக்கு நாங்கள் ஆசைப்பட்ட பினிஷுக்கு இடமே இல்லை. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் மோல்டை வேறு மாதிரி கேட்டிருப்போம்.

ஓசூர்வாசி சாருக்கு ஒரு கேள்வி. எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் பெரிய முதலாளியின் மைத்துனர். நல்ல மனிதர், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். என்னைத் தலைமைப் பொறியாளர் என்று போட்டால் மட்டும் அவர் என் தேதிக்குக் கட்டுப்படுவாரா?

#6 ஓசூர்வாசி

கட்டுப்பட மாட்டார். டொயோட்டாவிலும் துறைத் தலைவர்கள் தலைமைப் பொறியாளருக்குக் கீழே இல்லை. அவர் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசித்தான் வேலை வாங்க வேண்டும். அவருக்கு இருக்கிற பலம் இரண்டு. பொருளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மேலிடத்துக்கு நேராகப் போகும் வழியும் திறந்திருக்கிறது.

நீங்கள் பதவி கேட்க வேண்டாம், சார். ஒரு நடைமுறை கேளுங்கள். உங்களுக்கும் ஒரு துறைக்கும் ஒத்துவராத விஷயம் வந்தால், இருவரும் சேர்ந்து சின்ன முதலாளியிடம் போக வேண்டும், அவர் அந்த வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனித்தனியாகப் போய்ச் சொல்வது கூடாது. குடும்பக் கம்பெனியில் மைத்துனர் இரவு சாப்பாட்டு நேரத்தில் பேசி முடிவை மாற்றிவிட்டால் எந்த அமைப்பும் நிற்காது. இதைச் சின்னவரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். மைத்துனரையும் எதிரில் நிறுத்தாதீர்கள். வெண்டர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது, முதல் கூட்டத்துக்கே அவரைக் கூப்பிடுங்கள்.

#7 குறிச்சி மோல்டர்

வெண்டர் பக்கத்திலிருந்து ஒரு குரல். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் சிறிய பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். எங்களை எப்போது கூப்பிடுகிறார்கள் தெரியுமா? டிராயிங் முடிந்து, மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, விலையை அடித்துக் குறைத்த பிறகு. "இந்த மூலையைக் கொஞ்சம் மாற்றினால் மோல்டில் ஒரு ஸ்லைடு (பக்கவாட்டில் நகரும் துண்டு) மிச்சம், உங்களுக்கும் பணம் மிச்சம்" என்று அப்போது சொன்னால், "டிராயிங் ரிலீஸ் ஆகிவிட்டது" என்பார்கள். மனது கஷ்டமாக இருக்கும்.

மஹிந்திரா ஸ்கார்பியோ இதில் நல்ல பாடம். பவன் கோயங்கா ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து 1993-ல் மஹிந்திராவுக்கு வந்தார். ஜீப் செய்துகொண்டிருந்த கம்பெனி, புதிதாக ஒரு வண்டியை முழுவதும் உருவாக்கிப் பழக்கம் இல்லாதது. பெரிய கார் கம்பெனிகள் செலவழிப்பதைப் போலப் பல மடங்கு போட அவர்களிடம் பணமும் இல்லை. அதனால் வண்டியின் கருத்து, தோற்றம், எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தும் வேலை ஆகியவற்றைத் தங்களிடம் வைத்துக்கொண்டு, முழு முழு அமைப்புகளை சப்ளையர்களிடம் டிசைனோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தாளில் போட்ட பாகத்துக்கு விலை கேட்பது ஒன்று, "இந்த இடத்துக்கு இந்த எடையில் இந்தச் செலவில் உட்கார வேண்டும், எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்பது வேறு. 2002 ஜூனில் வண்டி வந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய 600 கோடி ரூபாய், உலகக் கணக்கில் அது மிகக் குறைவு. பத்து ஆண்டு கழித்து செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா ரிசர்ச் வேலி திறந்தபோது, அதற்கான தைரியம் ஸ்கார்பியோவில்தான் பிறந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

#8 சித்திரம்

குறிச்சி மோல்டர் அண்ணா, மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போயிங் 787-ஐப் பாருங்கள். 777 செய்தபோது எட்டு விமானச் சேவைக் கம்பெனிகளை டிசைன் அறைக்கே அழைத்து வந்து உட்கார வைத்தார்கள், டிசைனும் உற்பத்தியும் ஒரே குழுக்களில் இருந்தன, 1995-ல் விமானம் சேவைக்குப் போனது. அடுத்து 787-ல் செலவைப் பகிர்ந்துகொள்ள ஜப்பான், இத்தாலி, அமெரிக்காவின் பிற பகுதிகள் என்று டிசைனையே பெரும் அளவுக்கு வெளியே கொடுத்தார்கள். 2007 ஜூலை 8 அன்று விழா எடுத்து வெளியே இழுத்து வந்த விமானத்தில் பல இடங்களில் தற்காலிக ஃபாஸ்னர்கள்தான் (பாகங்களை இணைக்கும் ஆணிகள்) இருந்தன. 2008-ல் தர வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் கைமாறியது. நடுவில் தென் கரோலினாவில் ஒரு சப்ளையரின் தொழிற்சாலையையே போயிங் விலைக்கு வாங்க வேண்டி வந்தது.

ஸ்கார்பியோவிலும் வெளியேதான் கொடுத்தார்கள். பொருத்தும் வேலையைக் கையில் வைத்திருந்தார்கள். சப்ளையருடைய வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் தெரிகிற ஆள் உள்ளே இல்லாவிட்டால், தாமதம் கடைசி நாளில்தான் கண்ணுக்குத் தெரியும்.

#9 நிரலன்

நான் சென்னையில் மென்பொருள் துறையில் பிராடக்ட் மேனேஜர். நீங்கள் எல்லோரும் துறைகளுக்கு நடுவே பாலம் கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். முற்றிலும் தனியாக ஒரு சிறு அணியை வெளியே அனுப்பிவிட்டால் என்ன?

ஐ.பி.எம். கம்பெனியின் பி.சி. (தனிநபர் கணினி) அப்படித்தான் வந்தது. நியூயார்க் தலைமையகத்திலிருந்து வெகுதூரத்தில், புளோரிடாவின் போகா ரேட்டனில் ஒரு சிறு அணி. டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமை. எல்லாவற்றையும் தாங்களே செய்யும் ஐ.பி.எம். வழக்கத்தை விட்டு, இன்டெல் 8088 சிப், மைக்ரோசாஃப்டின் இயக்க முறைமை, வெளிக்கடைகளில் விற்பனை என்று போனார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டில், 1981 ஆகஸ்டில் பொருள் வந்துவிட்டது. தலைமையக வழிமுறையில் போயிருந்தால் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். உங்கள் கம்பெனியிலும் நாலு பேரைத் தனிக் கட்டடத்தில் வைத்து, வாரா வாரம் ஒரு வடிவம் வெளியிடச் சொல்லலாமே?

#10 டூல்ரூம் மணி

தம்பி, உங்கள் ஆர்வம் பிடித்திருக்கிறது. ஆனால் வாரா வாரம் வெளியிட இது மென்பொருள் இல்லை, இரும்பு. மோல்டில் ஸ்டீலை வெட்டி எடுப்பது சுலபம், வெட்டியதைத் திரும்பச் சேர்ப்பது வெல்டிங், மறுபடி மெஷினிங், மறுபடி பாலிஷ் என்று போகும். அப்புறமும் அந்த இடம் வடுவாகத் தெரியும். அதனால்தான் சந்தேகம் இருக்கிற இடத்தில் ஸ்டீலைக் கூடுதலாக விட்டு வைப்போம், ட்ரையல் பார்த்துவிட்டுத் தேவையான அளவு எடுப்போம். எந்த அளவுகள் இன்னும் மாறலாம், எவை மாறவே மாறாது என்று டிசைன்காரர் முன்பே சொன்னால்தான் அது முடியும். டிராயிங்கில் அப்படி ஒரு குறிப்பை யாரும் போடுவதில்லை.

#11 நிரலன்

ஏற்றுக்கொள்கிறேன் மணி சார். அப்படியென்றால் வேகமாகச் சுற்றும் வேலை மோல்டுக்கு முன்னால் நடக்கட்டும். இப்போது 3டி பிரிண்டரில் டிரம் மூடியை ஒரே இரவில் எடுக்கலாம், கைப்பிடி வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கிறதா என்று நாலு வடிவம் கொடுத்துப் பார்க்கலாம். பிரியஸ் குழுவே எண்பதுக்கு நெருக்கமான ஹைப்ரிட் அமைப்புகளைத் தாளிலும் கணினியிலும் வடிகட்டித்தான் ஒன்றுக்கு வந்தது என்று படித்திருக்கிறேன். மாற்றம் மலிவாக இருக்கும் காலத்தில் நிறைய மாற்றிவிட்டு, ஸ்டீலுக்குப் போனதும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கைப்பிடியை ஆண்களுக்கும் கொடுத்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் மாவு நான்தான் அரைக்கிறேன்.

#12 விசாலம்

தனி அணி பற்றி ஒரு சொல். ஐ.பி.எம். கதையின் அடுத்த அத்தியாயத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த அணி வளர்ந்து வழக்கமான பிரிவாக மாறியது. அடுத்து வந்த பி.சி.ஜூனியர், 1983 நவம்பரில் அறிவித்தும் கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைக்கு வரவில்லை. நம் தீபாவளி கிரைண்டர் நிலைதான். விசைப்பலகை யாருக்கும் பிடிக்கவில்லை. பெரிய பி.சி.யின் விற்பனையைத் தின்றுவிடக் கூடாது என்று அதன் திறனையும் குறுக்கியிருந்தார்கள். 1985 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். ஒரு முறை தனியாகப் போய் ஜெயித்ததால் கம்பெனிக்கு அந்தப் பழக்கம் வந்துவிடாது. தனி அணி கற்றதைத் தினசரி வேலைக்குள் கொண்டுவர யாராவது பொறுப்பாக இருக்க வேண்டும்.

#13 சித்திரம்

பாதியில் நிறுத்துவது பற்றி நொய்யல்காரன் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் ஒரு கம்பெனியில் புராஜெக்ட் ஆபீஸில் இருக்கிறேன், அதனால் இது என் தினசரிக் கவலை.

கனடாவின் ராபர்ட் கூப்பர் 1980-களில் பிரபலமாக்கிய ‘கேட்’ முறையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யோசனை, கணக்கு, டிசைன், சோதனை, வெளியீடு என்று கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரு வாசல். வாசலில் மேலாளர்கள் உட்கார்ந்து தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். தாளில் அருமையாக இருக்கிறது. நடப்பில், வாசலுக்கு வரும் எல்லாமே உள்ளே போகிறது. யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை, ஏனென்றால் அந்தப் பொருளை யாரோ ஒரு பெரியவர் ஆசைப்பட்டுத் தொடங்கியிருப்பார். விளைவு: இருக்கிற நாலு டிசைனர்கள் பத்துப் பொருளில் கால் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒன்றும் முடியாது. உங்கள் கிரைண்டர் தாமதத்துக்கு மைத்துனரோ டூல் ரூமோ காரணமாக இல்லாமல், ஒரே நேரத்தில் எத்தனை மாடல் ஓடிக்கொண்டிருந்தது என்பது காரணமாக இருக்கலாம். எண்ணிப் பாருங்கள்.

வாசலுக்கு உயிர் வர ஒரு வழிதான் எனக்குத் தெரியும். அடுத்த கட்டத்துக்கான பணத்தையும் ஆட்களையும் அந்த வாசலில்தான் கொடுக்க வேண்டும். அப்போதுதான் "இதற்குக் கொடுத்தால் அதற்கு இல்லை" என்ற பேச்சு தானாக வரும். எதை நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நிறுத்தியவரை யாரும் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது.

#14 ஓசூர்வாசி

சித்திரம், உங்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு பயத்தோடு. எங்கள் ஊர் டைட்டன் எட்ஜ் கடிகாரத்தை உங்கள் வாசலில் நிறுத்திப் பாருங்கள். கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் மூவ்மென்ட் 1.15 மில்லிமீட்டர். அதில் தண்ணீரும் புகக் கூடாது. சுவிட்சர்லாந்திலேயே நடக்காது என்று சொன்ன வேலை. சந்தையில் யாரும் கேட்கவும் இல்லை. டைட்டனை நடத்திய ஜெர்க்ஸஸ் தேசாய் ஆசைப்பட்டார், ஓசூர்க்காரர்கள் விடாமல் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள், 2002-ல் வந்தது. கணக்குப் பார்க்கும் எந்த வாசலும் அதை முதல் ஆண்டிலேயே மூடியிருக்கும். அப்படி மூடியிருந்தால் நமக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

#15 சித்திரம்

நல்ல கேள்வி, இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. எட்ஜில் தேட வேண்டியிருந்தது ஒரு தொழில்நுட்பம். 1.15 மில்லிமீட்டருக்குள் மூவ்மென்ட் ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதிரித் தேடலுக்குத் தனிப் பணம், தனிப் பொறுமை வேண்டும், வெளியீட்டுத் தேதி கூடாது. ஓடும் என்று நிரூபித்த பிறகு அதைப் பொருளாக்கும் வேலைக்குத்தான் தேதியும் வாசலும். நம் கம்பெனிகளில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். புது வகை மோட்டாரை முயன்று பார்ப்பதையே தீபாவளி மாடலில் செய்கிறோம். மோட்டார் சூடாகிறது, மாடல் முழுவதும் நின்றுவிடுகிறது. தேடுகிற வேலையைச் சின்ன அளவில் எப்போதும் ஓட விடுங்கள், பலன் கைக்கு வந்ததை மட்டும் மாடலில் சேருங்கள்.

#16 வாரண்டி சீட்டு

சர்வீஸ் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சீலிங் ஃபேன் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன்.

எங்களுக்குத் தேதியை அரசே போட்டுக் கொடுத்தது. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர லேபிள் கட்டாயம். வழக்கமான ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. (கார்பன் பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டார் போட்டால் முப்பது வாட்டை ஒட்டி வரும். தேதி நகராது என்று எல்லோருக்கும் தெரிந்ததும் நடந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை மாடல் வேண்டாம், இத்தனை நிறம் வேண்டாம், ரிமோட் அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று சேல்ஸே குறைத்துக்கொண்டது. அதே ஆட்கள்தான், அதே துறைகள்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வெளியீட்டுக்குப் பிறகு வரும் மூன்று மாதங்களைப் பற்றி. பொருள் கடைக்குப் போனதும் குழுவைக் கலைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. லேபில் 230 வோல்ட் நிலையாக வரும். கிராமத்தில் மாலை நேரம் 170-க்கு இறங்கும். உங்கள் கிரைண்டரையே எடுங்கள், லேபில் அளந்து போட்ட அரிசி அரைப்பீர்கள், வீட்டில் உளுந்தைத் தண்ணீர் குறைவாக வைத்துக் கெட்டியாக ஓட்டுவார்கள், ஓவர்லோடு சுவிட்ச் விழும். அந்தப் புகார் சர்வீஸ் ஆட்களிடம் வரும்போது டிசைனர் அடுத்த மாடலில் இருப்பார். முதல் வாடிக்கையாளர்களின் புகார் வந்து அடங்கும் வரை குழு கலையக் கூடாது. மாதிரி சோதனைக்கே ஊரில் இருக்கும் மெக்கானிக் இருவரைக் கூப்பிடுங்கள். கழற்ற எத்தனை ஸ்க்ரூ, எந்த டிரைவர், எவ்வளவு நேரம் என்று அவர்கள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

#17 நொய்யல்காரன்

எல்லாவற்றையும் அச்செடுத்து, சின்ன முதலாளியோடு நேற்று மாலை உட்கார்ந்தேன். சித்திரம் சொன்னபடி ஓடிக்கொண்டிருக்கும் மாடல்களை எண்ணிப் பலகையில் எழுதியதும் அவரே அமைதியாகிவிட்டார். பாதிக்கு மேல் அவருடைய அப்பாவின் யோசனைகள். பெரியவரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். அது எனக்குப் பெரிய நிம்மதி.

தனித் துறை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது. வரும் ஆண்டில் இரண்டு மாடல் மட்டும். ஒன்றுக்கு நான் பொறுப்பு, இன்னொன்றுக்குப் புரொடக்‌ஷனிலிருந்து ஒரு பெண் பொறியாளர், என்னைவிட அவருக்கு லைன் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மாடலுக்கும் டூல் ரூம், பர்ச்சேஸ், சேல்ஸ், காஸ்டிங், சர்வீஸ் என ஒருவர் பெயர் எழுதியாயிற்று, வாரத்தில் இரண்டு அரை நாள் அவர்கள் எங்களோடு. பர்ச்சேஸ் மேனேஜரை நான் நேரில் போய்ப் பார்த்து, எந்த மோல்டரை முதலிலேயே கூப்பிடலாம் என்று கேட்டேன். அவர் ஆர்வமாக மூன்று பெயர் சொன்னார். இத்தனை நாள் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லையாம். புது மோட்டார் முயற்சியை மாடலிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துவிட்டோம்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. டிராயிங்கை எந்த நாளில் பூட்டுவது? பூட்டிய பிறகு மாற்றம் வந்தால் யார் கையெழுத்து?

#18 டூல்ரூம் மணி

மோல்டு பேஸுக்கு (மோல்டைத் தாங்கும் அடிச்சட்டம்) ஆர்டர் போகும் நாளில் வெளி அளவுகளையும், மோல்டு இரண்டாகப் பிரியும் கோட்டையும் பூட்டுங்கள். பாகத்துக்கு உள்ளும் புறமும் வடிவம் கொடுக்கும் கோர், கேவிட்டி வெட்டத் தொடங்கும் நாளில் மிச்சத்தைப் பூட்டுங்கள், சந்தேகம் உள்ள அளவுகளை மட்டும் தனி நிறத்தில் குறித்து எங்களிடம் கொடுங்கள், அங்கே ஸ்டீல் விட்டு வைக்கிறோம். அதற்குப் பிறகு எந்த மாற்றத்துக்கும் உங்கள் கையெழுத்தும் டூல் ரூம் கையெழுத்தும் இரண்டும் வேண்டும். மாற்றத்துக்கு எத்தனை நாள் கூடும் என்பதை அதே தாளில் நாங்கள் எழுதித் தருவோம்.

#19 விசாலம்

அந்தத் தாளில் எத்தனை ரூபாய் கூடும் என்பதற்கும் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். ஒரு வரம்பு வரை நீங்களே கையெழுத்திடலாம், அதற்கு மேல் போனால் சின்ன முதலாளி. மோல்டு அட்வான்ஸைத் தனித்தனி பில்லாக அனுப்பாமல், டிசைன் முடிந்து பணம் ஒதுக்கும் அந்தக் கூட்டத்திலேயே மொத்தமாக ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வாரங்கள் அதிலேயே மிச்சமாகும். நான் பயன்படுத்தும் செலவு இலக்குத் தாளின் வெற்றுப் படிவத்தை நாளை இந்த இழையிலேயே இணைக்கிறேன். கல்லுக்கும் மோட்டாருக்கும் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.